கஞ்சா புகைப்பவருக்கு ஆபரேஷன்: கேட்க வேண்டியதும் கவனிக்க வேண்டியதும்

கேள்வி: வணக்கம் டாக்டர். அறுவை சிகிச்சை வார்டில் நர்ஸாக இருக்கிறேன். சமீபத்தில் கால் எலும்பு முறிந்து பிளேட் வைக்க ஒருவர் அட்மிட் ஆனார். முப்பது வயது இருக்கும். சர்க்கரை, பிபி எதுவும் இல்லை. குடி இல்லை, சிகரெட் இல்லை என்று எழுதிக்கொண்டோம். ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. மறுநாள் இரவிலிருந்து ஆளே மாறிவிட்டார். தூக்கம் இல்லை, சாப்பாட்டைத் தொடவில்லை, சட்டை நனைகிற அளவுக்கு வியர்வை, எதற்கெடுத்தாலும் எரிச்சல். வலி ஊசி போட்டு ஒரு மணி நேரத்தில் 'பத்துக்கு ஒன்பது வலிக்குது' என்கிறார். குடியை நிறுத்தியதால் இருக்குமோ என்று டியூட்டி டாக்டர் சந்தேகப்பட்டார். கூட வேலை செய்பவர் ஒருவர் 'ஊசிக்காக நடிக்கிறார்' என்றே சொல்லிவிட்டார். கடைசியில் அவர் மனைவி என்னைத் தனியாகக் கூப்பிட்டு, 'தினமும் கஞ்சா புகைப்பார் சிஸ்டர், சொன்னா திட்டுவீங்கன்னு சொல்லல' என்றார். இப்போது தேறி வீட்டுக்குப் போய்விட்டார். ஆனால் எனக்குச் சில சந்தேகங்கள். இதை முதலிலேயே எப்படிக் கேட்டிருக்க வேண்டும்? ஆமாம் என்று சொன்னால் உடனே நிறுத்தச் சொல்வதா? அவர் சொன்ன வலி உண்மைதானா? இந்த விஷயத்தை யாரிடம் சொல்லலாம், யாரிடம் சொல்லக் கூடாது? வீட்டுக்கு அனுப்பும்போது என்ன சொல்லி அனுப்ப வேண்டும்?
– பெயர் வேண்டாம்

பதில் (மயக்க மருந்து மருத்துவர்):

அன்புள்ள சிஸ்டர்,

வலியைப் பற்றிக் கேட்டிருக்கிறீர்களே, அதிலிருந்தே தொடங்குகிறேன். அவர் சொன்ன வலியை உண்மை என்றே எடுத்துக்கொள்ளுங்கள். தினமும் கஞ்சா புகைப்பவர்களுக்கு ஆபரேஷனுக்குப் பிறகு வலி அதிகமாக இருப்பதும், மார்பின் வகை மருந்துகள் கூடுதலாகத் தேவைப்படுவதும் பல ஆய்வுகளில் பதிவாகியிருக்கிறது. காரணமும் ஓரளவு புரிந்ததுதான். கஞ்சாவில் போதை தருகிற டிஎச்சி, மூளையிலும் தண்டுவடத்திலும் உள்ள சிபி1 ஏற்பிகளில் போய் ஒட்டிக்கொள்கிறது. வலியை அடக்க உடம்பே தயாரிக்கும் சில பொருட்கள் வேலை செய்கிற இடம் அது. வெளியிலிருந்து நாள் தவறாமல் வந்துகொண்டே இருந்தால் அந்த ஏற்பிகள் எண்ணிக்கையில் குறைந்து மந்தமாகிவிடுகின்றன. அப்படிப்பட்டவர் ஆஸ்பத்திரியில் படுத்த அன்றே கஞ்சா நின்றுபோகிறது. வெளியிலிருந்து வந்ததும் இல்லை, உள்ளே இருப்பதும் சரியாக வேலை செய்யவில்லை. அந்த நேரம் பார்த்துக் காலில் கத்தி வைத்திருக்கிறோம்.

இன்னொன்றையும் இங்கேயே சொல்லிவிட வேண்டும். காலில் பிளேட் வைத்த ஒருவர் மருந்துக்கு அடங்காத வலி என்று சொன்னால், நடிப்பையோ கஞ்சாவையோ யோசிப்பதற்கு முன்னால் போர்வையை விலக்கிக் காலைப் பாருங்கள். கெண்டைக்கால் கல்லாக இறுகியிருக்கிறதா? கால் விரல்களை நீங்கள் மெதுவாக வளைத்தாலே துடித்துப்போகிறாரா? பெருவிரலுக்கும் அடுத்த விரலுக்கும் நடுவில் மரத்திருக்கிறதா? தசை உறைக்குள் அழுத்தம் ஏறும் கம்பார்ட்மென்ட் சிண்ட்ரோம் இப்படித்தான் தொடங்கும். பாதத்தில் நாடி கிடைக்கிறதே என்று நிம்மதியாகிவிடக் கூடாது. நாடி நன்றாக இருக்கும்போதே உள்ளே தசை சாகத் தொடங்கியிருக்கலாம். கட்டைத் தளர்த்திவிட்டு எலும்பு டாக்டரை உடனே கூப்பிட வேண்டும், எத்தனை மணியானாலும் சரி. உங்கள் நோயாளிக்கு அது இல்லை போலிருக்கிறது, நல்லது. ஆனால் 'நடிக்கிறார்' என்று ஒருவர் சொல்லிவிட்டால் அதற்கப்புறம் அந்தக் காலை யாரும் பார்க்கப் போவதில்லை. அந்தப் பேச்சில் எனக்கு இருக்கிற பெரிய பயம் அதுதான். 'கஞ்சா கேஸ்' என்ற முத்திரையும் அதே வேலையைச் செய்யும். கஞ்சா விஷயம் தெரிய வேண்டும். தெரிந்த பிறகு அதோடு தேடுவதை நிறுத்திவிடவும் கூடாது.

சரி, மற்ற அறிகுறிகளுக்கு வருவோம். தூக்கமின்மை, எரிச்சல், பசியின்மை, படபடப்பு, வியர்வை, சில பேருக்கு வயிற்றுவலி, தலைவலி, லேசான நடுக்கம். நாள்பட்ட கஞ்சாவைத் திடீரென்று நிறுத்தினால் வருகிற அறிகுறிகள் இவை. கஞ்சாவுக்கு அப்படியொரு விளைவே கிடையாது என்று நம்பிய டாக்டர்கள் நிறையப் பேர் இருந்தார்கள். அமெரிக்க மனநல மருத்துவச் சங்கத்தின் நோய் வகைப்பாட்டு நூலின் ஐந்தாம் பதிப்பு 2013ல் வந்தபோதுதான் அது தனி நோய்நிலையாக இடம்பெற்றது. பொதுவாக நிறுத்திய ஒன்று முதல் மூன்று நாட்களுக்குள் தொடங்கும், முதல் வாரத்தில் உச்சம், இரண்டு வாரத்தில் பெரும்பாலும் அடங்கும். தூக்கம் மட்டும் சரியாக இன்னும் நாளாகலாம். உங்கள் நோயாளியின் கதை இந்தக் கணக்கோடு பொருந்துகிறது.

டியூட்டி டாக்டர் குடியைச் சந்தேகப்பட்டது தப்பே இல்லை. குடியை நிறுத்தியவருக்கு வருவது உயிரையே வாங்கக் கூடியது. வலிப்பு வரும், இல்லாதது கண்ணுக்குத் தெரியும், இது எந்த இடம், என்ன நாள் என்பதே தெரியாமல் உளறுவார், காய்ச்சலும் பிபியும் ஏறும். கஞ்சாவை நிறுத்தியவர் எரிந்து விழுவாரே தவிர, எங்கே படுத்திருக்கிறோம் என்பதை மறக்க மாட்டார். மனநிலைக் குழப்பம் தெரிந்தால் அதைக் கஞ்சா கணக்கில் எழுதாதீர்கள். ஆக்சிஜன் அளவு, காய்ச்சல், சர்க்கரை, ரத்தப்போக்கு, நுரையீரலில் அடைப்பு, சிறுநீர் கட்டிக்கொண்டிருக்கிறதா என்று ஒவ்வொன்றாகத் தள்ளிக்கொண்டே வர வேண்டும். சிறுநீர்ப்பை நிரம்பிப் போய்ப் புரண்டுகொண்டிருப்பவரை 'அடம் பிடிக்கிறார்' என்று எழுதி வைத்த குறிப்புகள் எத்தனையோ உண்டு.

இதில் எளிதாகத் தப்பிவிடுகிற ஒரு விஷயம் புகையிலை. கஞ்சாவைப் பெரும்பாலும் பீடி, சிகரெட் தூளோடு கலந்துதான் சுருட்டுகிறார்கள். 'சிகரெட் பிடிப்பீங்களா?' என்றால் 'இல்லை' என்பார். அவர் கணக்கில் அது சிகரெட் இல்லையே! ஆனால் உடம்புக்கு நிகோடின் தினமும் போய்க்கொண்டுதான் இருக்கும். ஆஸ்பத்திரியில் இரண்டும் ஒரே நாளில் நிற்கின்றன. கஞ்சா நிறுத்தத்துக்கென்று அங்கீகரிக்கப்பட்ட மருந்து இல்லை. நிகோடினுக்கு பேட்ச் இருக்கிறது, சூயிங்கம் இருக்கிறது. டாக்டரிடம் கேட்டு அதைத் தொடங்கினாலே சில பேருக்குப் பாதி எரிச்சல் தணிந்துவிடும்.

இப்போது, எப்படிக் கேட்பது? நம் வார்டுகளில் இது நடக்கிற விதம் உங்களுக்கே தெரியும். கட்டிலைச் சுற்றி அம்மா, மாமனார், பக்கத்து வீட்டுக்காரர் என்று நாலு பேர் நிற்பார்கள். நாம் கேஸ் ஷீட்டைப் பார்த்துக்கொண்டே, 'கெட்ட பழக்கம் ஏதாவது இருக்கா?' என்போம். அவர் வாயைத் திறப்பதற்குள் அம்மா, 'என் பையனுக்கு ஒரு பழக்கமும் கிடையாதும்மா' என்பார். நாமும் 'இல்லை' என்று எழுதிவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போய்விடுவோம். இப்படிக் கேட்டால் யாரும் உண்மையைச் சொல்ல மாட்டார்கள். 'கெட்ட' என்று தீர்ப்பைச் சொல்லிவிட்டுக் கேள்வியைக் கேட்கிறோம், அதுவும் ஊரைக் கூட்டி வைத்துக்கொண்டு.

முதல் வேலை, உடன் இருப்பவர்களை அனுப்புவது. 'டிரஸ் மாற்றணும், அஞ்சு நிமிஷம் வெளியே இருங்க' என்றால் யாரும் தப்பாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள். அப்புறம் காரணத்தைச் சொல்லிவிட்டுக் கேளுங்கள். நான் சொல்வது ஏறக்குறைய இப்படி இருக்கும்: 'தம்பி, மயக்க மருந்து எவ்வளவு கொடுக்கணும், வலிக்கு எது வேலை செய்யும்னு முடிவு பண்ண எல்லார்கிட்டயும் இதைக் கேட்பேன். மாத்திரை, குடி, புகையிலை, கஞ்சா, எண்ணெய் எது எடுத்தாலும் சொல்லுங்க. திட்ட மாட்டேன். உங்க வீட்ல சொல்ல மாட்டேன்.' கஞ்சாவைத் தனியாக எடுத்துக் கேட்காமல் மாத்திரையோடும் புகையிலையோடும் சேர்த்து, அதே குரலில் கேட்பது முக்கியம். எல்லாரிடமும் என்றால் நிஜமாகவே எல்லாரிடமும். காது குத்தி, முடி வளர்த்த இளைஞனிடம் மட்டும் கேட்டுவிட்டு, மூட்டு மாற்றப் படுத்திருக்கும் எழுபது வயதுப் பாட்டியை விட்டுவிடக் கூடாது. வலிக்கும் தூக்கத்துக்கும் நாக்குக்கு அடியில் கஞ்சா எண்ணெய் சொட்டுவிட்டுக்கொள்கிற பெரியவர்கள் உலகம் முழுக்கப் பெருகிவிட்டார்கள். அதை மருந்து என்றே அவர்கள் நினைக்காததால், கேட்டால்தான் வெளியே வரும்.

'ஆமாம்' என்றால் வேலை அத்தோடு முடியவில்லை. புகையா, தின்பதா, குடிப்பதா, எண்ணெயா? நாளுக்கு எத்தனை தடவை? எத்தனை வருடமாக? கடைசியாக எப்போது? புகையிலை கலந்தா? இதற்கு முன் நிறுத்திப் பார்த்தபோது என்ன ஆனது? கிராம் கணக்கு யாருக்கும் தெரியாது. 'ஒரு பொட்டலம் உங்களுக்கு எத்தனை நாள் வரும், தனியாகவா, பங்கு போட்டா?' என்று கேட்டால் ஓரளவு பிடிபடும். கடைக்குக் கடை பெயர் மாறுகிற செயற்கைக் கஞ்சா வகைகளையும் கேளுங்கள். அவை வேறு ரகம். வலிப்பு, கடும் கிளர்ச்சி, இதயத் துடிப்புக் கோளாறு என்று போகும், சாதாரணச் சிறுநீர்ப் பரிசோதனையில் தெரியவும் தெரியாது.

எழுதும்போது, 'தினமும் 3 முறை, புகையிலை கலந்து புகை, 8 வருடம், கடைசியாக நேற்று இரவு 10 மணி' என்று எழுதுங்கள். எனக்கு அதில் வேண்டியது எல்லாம் இருக்கிறது. 'கஞ்சா அடிமை' என்று எழுதினால் எனக்கு ஒன்றும் தெரியாது. படிக்கிற எல்லாருக்கும் அவர்மேல் ஒரு எண்ணம் மட்டும் விழும்.

கேட்பதற்குப் பதில் சிறுநீரைப் பரிசோதித்துவிடலாமே என்பார்கள். டிஎச்சி கொழுப்பில் போய்த் தங்குகிற பொருள். தினமும் புகைப்பவருக்கு நிறுத்திப் பல வாரம் ஆன பிறகும் பாசிட்டிவ் காட்டும். இன்று காலை புகைத்தாரா, போன வாரம் விட்டாரா என்று அதில் தெரியாது. எனக்கு வேண்டியதோ அந்த 'எப்போது' என்பதுதான்.

கடைசியாகப் புகைத்த நேரம் தெரிய வேண்டும் என்பதில் ஏன் இவ்வளவு பிடிவாதமாக இருக்கிறேன் என்று சொல்கிறேன். புகைத்த சில நிமிடங்களில் இதயத் துடிப்பு ஏறுகிறது, இதயத்துக்கு ஆக்சிஜன் தேவை கூடுகிறது. அதே நேரம் புகையிலுள்ள கார்பன் மோனாக்சைடு ரத்தம் சுமக்கிற ஆக்சிஜனைக் குறைக்கிறது. கஞ்சா புகைத்த முதல் ஒரு மணி நேரத்தில் மாரடைப்பு அபாயம் 4.8 மடங்கு என்று 2001ல் ஓர் அமெரிக்க ஆய்வு சொன்னது. மாரடைப்பு வந்த 3,882 பேரிடம் கேட்டார்கள். அந்த ஒரு மணி நேரத்துக்குள் புகைத்தவர்கள் அதில் 9 பேர்தான். ஆகவே அந்த 4.8ஐ அப்படியே பிடித்துக்கொண்டு தொங்க வேண்டியதில்லை, திசையை மட்டும் எடுத்துக்கொள்ளலாம். 2020ல் வந்த பெரிய ஒப்பீட்டில், கஞ்சாவுக்கு அடிமைப்பட்ட நிலை பதிவானவர்களுக்கு ஆபரேஷனை ஒட்டிய மாரடைப்பு மற்றவர்களைவிட ஏறக்குறைய இரண்டு மடங்கு. அப்போதும் அது நூற்றில் ஒருவருக்கும் குறைவுதான். பீதி அடைய வேண்டாம், அலட்சியமும் வேண்டாம்.

அமெரிக்காவின் வட்டார மயக்கவியல் மற்றும் வலி மருத்துவச் சங்கம் 2023 ஜனவரியில் வெளியிட்ட வழிகாட்டுதல் இதைத்தான் அடிப்படையாக வைத்திருக்கிறது. மயக்க மருந்து கொடுக்கும் முன் எல்லாரிடமும் கேளுங்கள். புகைத்து குறைந்தது 2 மணி நேரமாவது ஆகாமல் அவசரமில்லாத ஆபரேஷனைத் தொடங்காதீர்கள். போதையில் மனம் தெளிவில்லாமல் வந்தால் தள்ளிப்போடுங்கள். போதையில் இருப்பவர் போட்ட கையெழுத்து சம்மதமே ஆகாது என்பதும் இதில் சேரும். ஆபரேஷன் பயத்தில் வாசலில் நின்று இரண்டு இழுப்பு இழுத்துவிட்டு உள்ளே வருபவர்கள் உண்டு. கண் சிவந்து, வாய் உலர்ந்து, நாடி 120 ஓடிக்கொண்டிருந்தால், 'பயத்தில் இருக்கு' என்று விட்டுவிடாமல் மெதுவாகக் கேளுங்கள், உடனே எங்களுக்குச் சொல்லுங்கள். அடிபட்டு அவசரமாக வருபவருக்குக் காத்திருக்க முடியாது. அங்கே விஷயம் தெரிந்தால் துடிப்பை இன்னும் ஏற்றுகிற அட்ரோபின், கெட்டமின் போன்றவற்றை யோசித்துக் கையாள்வோம்.

தின்பண்டமாக எடுப்பவர்களுக்கு இந்த 2 மணி நேரம் பொருந்தாது. தின்றது வேலையைத் தொடங்கவே அரை மணியிலிருந்து 2 மணி நேரம் ஆகும், 6 முதல் 12 மணி நேரம் வரை இருக்கும். காலை 6 மணிக்குத் தெளிவாகப் பேசியவர் 8 மணிக்கு மயக்க அறையில் போதையில் இருக்கலாம். இன்னொரு சிறு விஷயம்: கஞ்சா கலந்த மிட்டாயோ பிஸ்கட்டோ, அதுவும் சாப்பாடுதான். 'வெறும் வயிறு' என்று சொல்கிற பலர் அதைக் கணக்கில் சேர்ப்பதில்லை.

மயக்க மருந்தின் அளவும் மாறும். போதையில் இருப்பவருக்கு மயக்கம் எதிர்பார்த்ததைவிட ஆழமாகப் போகலாம். நாள்பட்டவருக்கு வழக்கமான அளவு போதாமல் போகலாம். எண்டாஸ்கோபி செய்த 250 பேரின் குறிப்புகளைப் பார்த்த 2019ஆம் ஆண்டின் ஆய்வு ஒன்றில், கஞ்சா பழக்கமுள்ளவர்களுக்கு வலியை அடக்கும் பெண்டனில் 14 சதவீதம், பதற்றம் தணிக்கும் மிடசோலம் 20 சதவீதம், மயக்கம் தரும் ப்ரோபோபால் 220 சதவீதம் கூடுதலாகத் தேவைப்பட்டிருக்கிறது. சின்ன ஆய்வு, அந்தச் சதவீதத்தை வைத்து யாரும் மருந்தை அளக்கப் போவதில்லை. ஆனால் முன்கூட்டித் தெரிந்தால் கையில் கூடுதல் மருந்தோடு தயாராக இருப்போம், மூச்சையும் கூடுதலாகக் கவனிப்போம். புகைப்பவர்களின் தொண்டையும் மூச்சுக்குழாயும் சீண்டினால் சுருங்கும் நிலையில் இருக்கும். ஆபரேஷன் முடிந்து வெளியே வந்ததும் இருமல், இழுப்பு, மூச்சில் சீட்டியடிக்கிற சத்தம், குரல் கரகரப்பு இருந்தால் தலையை உயர்த்தி, ஆக்சிஜன் வைத்து, எங்களைக் கூப்பிடுங்கள். நடுக்கமும் கொஞ்சம் கூடுதலாக வரலாம், கம்பளியைத் தயாராக வையுங்கள்.

அடுத்தது, நிறுத்தச் சொல்வதா? ஆபரேஷனுக்கு இன்னும் ஒன்றிரண்டு வாரம் இருந்தால், ஆமாம், குறைக்கச் சொல்லலாம். அதிலும் புகைப்பவர்களுக்கு நுரையீரல் கொஞ்சம் தேற அவகாசம் கிடைக்கும். நிறையப் பயன்படுத்துபவரைப் படிப்படியாக இறக்க வேண்டும். நாளுக்கு 1.5 கிராமுக்கு மேல் புகைப்பவருக்கு, ஆபரேஷனுக்கு 7 நாளாவது இருந்தால் குறைத்துக்கொண்டே வருவதைப் பற்றி யோசிக்கலாம் என்று கனடாவில் ஒரு நிபுணர் குழு சொல்லியிருக்கிறது. எப்போதாவது ஒரு தடவை புகைப்பவரிடம் 'ஆபரேஷன் வரைக்கும் வேண்டாம்' என்றால் போதும். ஆனால் தினமும் நாலைந்து தடவை புகைப்பவரை முந்தின நாள் சாயங்காலம் பார்த்து 'இன்றோடு நிறுத்துங்கள்' என்று சொல்வதில் எனக்கு உடன்பாடில்லை. ஆபரேஷனும், கஞ்சாவை நிறுத்தியதால் வரும் அறிகுறிகளின் உச்சமும் ஒரே வாரத்தில் வந்து விழும். உங்கள் நோயாளிக்கு நடந்ததைத் திட்டம் போட்டு வரவழைத்த மாதிரி ஆகிவிடும். அவரிடம் நான் சொல்வது: நாளைக் காலை புகை வேண்டாம், கடைசியாக எப்போது புகைத்தீர்கள் என்பதை உண்மையாகச் சொல்லுங்கள், இரண்டாம் நாள் தூக்கம் வராது, எரிச்சல் வரும், அது வழக்கம்தான், அதற்கு ஏற்பாடு செய்திருக்கிறோம். முன்னாலேயே சொல்லிவைத்தால் அந்த இரவில் அவர் பயப்பட மாட்டார். நைட் டியூட்டிக்கு வருகிற சிஸ்டரிடமும் இதைக் கைமாற்றிவிடுங்கள்.

கஞ்சாச் செடியில் உள்ள, போதை தராத பொருள் சிபிடி. வலிப்பு நோய்க்காக டாக்டர் எழுதிக்கொடுத்த சிபிடி மருந்து எடுப்பவர் விஷயம் வேறு. அதை யாரும் தன்னிச்சையாக நிறுத்தக் கூடாது. ஆபரேஷன் நாளிலும் என்ன செய்வதென்று நாங்கள் சொல்வோம். சிபிடி கல்லீரலில் மற்ற மருந்துகள் கரைவதைத் தாமதப்படுத்துகிறது. ரத்தம் உறையாமல் இருக்க வார்ஃபரின் எடுப்பவர் கூடவே சிபிடி எண்ணெயும் எடுத்தால், ரத்தம் உறைய எவ்வளவு தாமதமாகிறது என்று காட்டுகிற ஐஎன்ஆர் அளவு ஏறிக்கிடக்கலாம். கத்தி வைப்பதற்கு முன் தெரிய வேண்டிய விஷயம் இது.

ஆபரேஷனுக்குப் பிந்தைய வலிக்கு வருகிறேன். இங்கே ஒரே மருந்தைக் கூட்டிக்கொண்டே போவது பலன் தராது. பாராசிட்டமாலை 'தேவைப்பட்டால்' என்று வைக்காமல் மணிக்கணக்குப்படி கொடுங்கள். சிறுநீரகமும் வயிறும் இடம் கொடுத்தால் ஐபுப்ரோஃபென் வகை. எல்லாவற்றையும்விட, நரம்பை மரக்கச் செய்யும் ஊசி. காலுக்கு அது அருமையாக வேலை செய்யும். ஆனால் ஒன்று, கம்பார்ட்மென்ட் சிண்ட்ரோம் பயம் உள்ள காலில் அதை எலும்பு டாக்டரோடு கலந்து பேசித்தான் போடுவோம், வலி என்ற எச்சரிக்கை மணியையும் அது அடக்கிவிடக்கூடும் என்பதால். குறைந்த அளவு கெட்டமினும் சில பேருக்கு உதவும். இதற்கு மேல் மார்பின் வகை தேவைப்பட்டால் தயங்காமல் கொடுக்கலாம், ஆனால் மூச்சு எண்ணிக்கையையும் தூக்கக் கலக்கத்தையும் பார்த்துக்கொண்டே. வலி எண்ணை மட்டும் எழுதாமல், இருமினால் எப்படி, காலைத் தூக்கினால் எப்படி, எத்தனை மணி நேரம் தூங்கினார் என்றும் எழுதுங்கள். 'பத்துக்கு ஒன்பது' என்பதைவிட, 'இரவு முழுக்க நாற்பது நிமிடம் தூங்கினார்' என்ற வரி எங்களை வேகமாக வரவைக்கும்.

பார்க்க வருபவர் பாசத்தில் ஒரு பொட்டலத்தைக் கொண்டுவந்து கொடுப்பதும் நடக்கும். மார்பினோடு அதுவும் சேர்ந்தால் ஆள் அதிகமாக மயங்கிப் போகலாம், கழிவறையில் விழலாம். ஆக்சிஜன் ஓடுகிற கட்டிலில் யாராவது லைட்டரைத் தட்டினால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை. கட்டிலைச் சோதனை போடுவதைவிட, 'இங்கே புகைத்தால் தீப்பிடிக்கும், இந்த ஊசியோடு சேர்ந்தால் மூச்சு நிற்கும், கஷ்டமாக இருந்தால் என்னைக் கூப்பிடுங்க' என்று நேராகச் சொல்வது நல்லது.

வாந்தியில் ஒரு வேடிக்கை இருக்கிறது. டிஎச்சி வாந்தியை அடக்குகிற பொருள். அதனால் கஞ்சா புகைப்பவருக்கு ஆபரேஷனுக்குப் பின் வாந்தி வராது என்று நினைத்துவிடக் கூடாது, தாராளமாக வரும். நாள்பட்டவர்களில் சிலருக்குக் கஞ்சாவே அடங்காத வாந்தியைக் கொண்டுவரும். 2004ல் ஆஸ்திரேலிய மருத்துவர்கள் இதை முதலில் விவரித்தார்கள். சுடுநீரில் குளித்தால் மட்டும் வாந்தி நிற்கும், அதனால் மணிக்கணக்கில் குளியலறையிலேயே இருப்பார்கள். 'வாந்தி வரும்போதெல்லாம் வெந்நீரில் குளிக்கத் தோணுதா?' என்ற ஒரு கேள்வி, பல ஸ்கேன்களை மிச்சப்படுத்திவிடும். வயிற்றில் ஆபரேஷன் ஆனவராக இருந்தால் மட்டும் குடல் அடைப்பு இல்லை என்று தெரிந்த பிறகே அந்த முடிவுக்கு வர வேண்டும்.

யாரிடம் சொல்வது? அவரைக் கவனிக்கிற குழுவிடம்: சர்ஜன், மயக்க மருந்து டாக்டர், டியூட்டியில் இருக்கும் நர்ஸ்கள். அத்தோடு சரி. குடும்பத்தாரிடமோ பக்கத்துக் கட்டில்காரரிடமோ போகக் கூடாது. சட்டம் இடத்துக்கு இடம் வேறுபடும். சந்தேகம் வந்தால் உங்கள் ஆஸ்பத்திரி விதியைப் பொறுப்பாளரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். சிகிச்சைக்காக நம்பிச் சொன்னதை வெளியே கொண்டுபோவது நம் வேலை கிடையாது. உங்கள் விஷயத்தில் மனைவி சொல்லித் தெரிந்திருக்கிறது. அவரைக் காட்டிக்கொடுக்காமலே பேசலாம்: 'இப்படித் தூக்கம் போய், வியர்த்து, சாப்பிட முடியாமல் இருப்பது கஞ்சாவையோ புகையிலையையோ திடீர்னு நிறுத்தினாலும் வரும். உங்களுக்கு அப்படி இருக்க வாய்ப்பு இருக்கா? இருந்தால் இன்று ராத்திரிக்கே ஏதாவது செய்யலாம்.' இதைக் கேட்டதும் பெரும்பாலானவர்கள் தாங்களே சொல்லிவிடுவார்கள்.

வீட்டுக்கு அனுப்பும்போது. டிரமடால் மாதிரி வலி மாத்திரை கொடுத்து அனுப்பினால், அதையும் கஞ்சாவையும் சேர்த்து எடுக்க வேண்டாம், வண்டி ஓட்ட வேண்டாம் என்று சொல்லுங்கள். சில நாள் விட்ட பிறகு பழைய அளவையே எடுத்தால் முன்பைவிட அதிகமாகத் தாக்கும். ஊன்றுகோலோடு நடப்பவருக்கு அது விழுந்து எலும்பை மறுபடி உடைத்துக்கொள்ள வழி. புகையிலை எலும்பு கூடுவதைத் தாமதப்படுத்தும் என்பது நிச்சயமாகத் தெரிந்தது, அதனால் கலந்து புகைப்பவரிடம் அதை அழுத்திச் சொல்லலாம். தூக்கம் இன்னும் சில வாரம் சரியாக இருக்காது என்றும், அதற்காகவே மறுபடி தொடங்குபவர்கள் நிறைய என்றும் சொல்லிவையுங்கள். விட்டுவிட வேண்டும் என்று அவராகக் கேட்டால் மனநல மருத்துவரிடமோ போதை மீட்பு ஆலோசகரிடமோ அன்றே ஒரு தேதி வாங்கிக் கொடுங்கள். 'அப்புறம் வாங்க' என்றால் வர மாட்டார். கேட்காவிட்டால் உபதேசம் வேண்டாம்.

பிளேட்டை எடுக்க அவர் மறுபடி வர வேண்டியிருக்கலாம். டிஸ்சார்ஜ் சம்மரியில் மயக்க மருந்து எவ்வளவு தேவைப்பட்டது, இரண்டாம் நாள் என்ன ஆனது, எந்த மருந்துக்கு வலி அடங்கியது என்ற வரிகளை, அவர் சம்மதத்தோடு, சேர்க்கச் சொல்லுங்கள். அடுத்த தடவை அட்மிட் ஆகும்போது அதை எடுத்து மயக்க மருந்து டாக்டரிடம் நீட்டினால் போதும், வாயைத் திறந்து சொல்ல வேண்டியதுகூட இல்லை என்று அவரிடம் சொல்லி அனுப்புங்கள்.